நகரத்தைப் பார்த்து நின்ற நண்டு

சினை நண்டு ஒன்று கடற்கரைச் சாலையின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது. அடிவயிற்றில் முட்டைகள் கனத்தன. பொழுது சாய்வதற்குள் அவற்றைக் கடலில் விட்டாக வேண்டும். கடலோ சாலைக்கு அந்தப் பக்கம்.

“வாம்மா, நகரத்துக்குத்தானே? வழியெல்லாம் பூங்கா, ஐஸ்கிரீம் கடை, கடைசியில மேம்பாலம்கூட இருக்கு!” என்றது சாலை. நகரத்துக்குப் போகிறவர்களையும் அங்கிருந்து வருகிறவர்களையும் தவிர வேறு யாரையும் அது கண்டதில்லை.

“நகரத்துக்கு இல்லைண்ணே. குறுக்கே போகணும், அவ்வளவுதான்.”

“குறுக்கேயா? அப்படி ஒரு திசையே கிடையாதே!”

வாதாட நண்டுக்கு நேரமில்லை. அதற்குப் பக்கவாட்டில்தான் நடக்க வரும். அதனால் நகரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது.

“அப்படி வா வழிக்கு!” என்று சாலை பூரித்துப்போனது.

நண்டு எதிரே வரும் வண்டிகளை முறைத்தபடியே கடல் பக்கமாகக் காலை எடுத்து வைத்தது. பேருந்து ஒன்று சீறி வந்தது. நண்டு தரையோடு ஒட்டிப் படுத்தது; சக்கரங்கள் இரண்டு பக்கமும் உருண்டு போயின. எழுந்து நடந்தது. அடுத்து வந்த காரின் டயர் பட்டு ஒரு கால் ஒடிந்தது.

“மீதிக் கால் இருக்கு” என்று மறுபடியும் நடந்தது.

கடைசியில் அலை வந்து முட்டைகளை வாங்கிக்கொண்டது.

சாலையோ நகரத்துக்குப் போகும் வேன் ஒன்றிடம் சொல்லிக்கொண்டிருந்தது: “வழியில ஒரு நண்டு தென்பட்டா ஒதுங்கிப் போப்பா. நம்ம ஆளுதான். மெதுவா வந்துக்கிட்டிருக்கும்.”