கொலோன் கார்னிவலுக்குப் போனவன்

பேனாட், அவன் மனைவி அன்ரனெற், கீழ்மாடி மகேஸ்வரன். தொண்ணூற்று நான்கு பெப்ரவரியில் ஒரு மாலை, பார்க்டேல் அபார்ட்மென்ட் ஒன்றின் வரவேற்பறையில் இருந்தவர்கள் இவ்வளவுதான். பேனாட் கொண்டுவந்த சூட்கேஸும் இருந்தது. அதன்மேல் அன்ரனெற் உட்கார்ந்திருந்தாள்.

ஜேர்மனியிலிருந்து வந்து இறங்கிய புருசனுக்கு அவள் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

"எவள் அவள்?" என்றாள்.

"ஒருத்தியும் இல்லையப்பா. சித்தப்பாவின்ரை மகன் வீட்டிலை நிண்டன். கொலோன் கார்னிவல் பாத்தன், பெரிய கோயில் பாத்தன்."

"பெத்த தாய் கொழும்பு ஆஸ்பத்திரியிலை சாகக் கிடக்கிறா. இவருக்குக் கூத்துக் கேக்குது!"

பேனாட் தலையைக் குனிந்துகொண்டான்.

மகேஸ்வரன் அவனை லிஃப்டில் கண்டு பின்னாலேயே வந்தவர். வழக்கறிஞர் ஒருவரிடம் மொழிபெயர்ப்பாளர். அவர் காதில் விழுவது இமிகிரேஷன் காதிலும் விழும் என்று அந்தக் கட்டடத்தில் பேச்சு.

"தங்கச்சி, கத்தாதையும். இங்கை நிரந்தரமா இருக்கிறதுக்கு லாண்டட் பேப்பர் வாற நேரம். இவற்ரை கேஸ் குழம்பினா உம்மடையும் சேர்ந்துதான் குழம்பும். ஊருக்குத்தான் எங்களாலை போகேலாது, போனா அகதிக் கேஸ் முடிஞ்சுது; ஜேர்மனியை எண்டாலும் பாக்கட்டுமே. சூட்கேஸைத் திறவுமன், சொக்லேட் இருக்கோ பாப்பம்."

"திறக்கமாட்டன். அவளின்ரை சாமான் என்ரை வீட்டுக்குள்ளை விரியக்கூடாது."

"அப்ப படமாவது எடுத்தனீரோ ஐசே?"

பேனாட் சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை நீட்டினான். மகேஸ்வரன் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். முகமூடிகள், தேர்மாதிரி அலங்கரித்த லொறிகள், தெருவில் இனிப்புப் பொறுக்கும் சனம்.

"ஒண்டிலையும் உம்மைக் காணேல்லை?"

"நான்தானே அண்ணை எடுத்தது."

"ம்." படங்களை வைத்துவிட்டு அவர் பேனாட்டின் கழுத்தையே பார்த்தார். "அங்கையும் இப்ப பனிதானே? கழுத்து எப்பிடி ஐசே வெயில் பட்டு இப்பிடிக் கறுத்தது?"

பேனாட் சட்டைக் கொலரை இழுத்துக் கழுத்தை மூடினான்.

அன்ரனெற் சூட்கேஸில் ஓங்கி அடித்தாள்.

"இன்னும் விளங்கேல்லையோ அண்ணை? அங்கையிருந்து ஸ்பெயின் எவ்வளவு தூரம்? அவளோடை கடற்கரையிலை கிடந்திட்டு வந்திருக்கிறார்!"

மகேஸ்வரனின் முகம் விரிந்தது. தேடி வந்தது கிடைத்துவிட்ட சிரிப்பு.

"அட கள்ளா! கார்னிவலாம், கோயிலாம்!"

"சிரிக்கிறியளோ? போங்கோ. போய் எல்லாருக்கும் சொல்லுங்கோ. ஒரு வீடும் விடாமல் சொல்லுங்கோ!"

"சீச்சீ, நான் ஏன் தங்கச்சி சொல்லப்போறன்" என்றபடி அவர் அவசரமாகச் செருப்பை மாட்டினார்.

அவர் வெளியே கால் வைத்ததும் அன்ரனெற் கதவை அடித்துச் சாத்தினாள். பூட்டினாள். சங்கிலியையும் கொழுவினாள். செருப்புச் சத்தம் லிஃப்டுக்குள் போய் மறையும்வரை கதவில் காதை வைத்து நின்றாள்.

திரும்பியபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரியிலை மாமி உங்களை அடையாளம் கண்டவவோ?"