வேகமானது யாருக்கு?

தோழர்களே, ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு வீட்டில் நடந்த அநீதிக்குச் சாட்சியாக வாருங்கள். ஜேசுரட்ணம் தம் மகன் லக்ஸனின் கணினிக்கு விலை கூடிய, வேகமான புரொசசரையும், மகள் லவினியாவின் கணினிக்கு விலை குறைந்ததையும் வாங்கினார்.

“கம்ப்யூட்டர் தொழில் பழகிற அவுஸ்பில்டுங் செய்யிறது நான், அப்பா. அவன் கேம் தானே விளையாடுறான்.”

“ஆம்பிளைப் பிள்ளைக்கு நல்லது வேணும். அவன்ரையை நானே பூட்டுறன், நீ தொடாதை.”

லவினியா தன் கணினியின் பாகங்களைத் தானே பொருத்திப் பூட்டினாள். பிறகு, எது வேகம் என்று பார்க்க, மாமாவின் கலியாண வீடியோவைச் சுருக்கும் வேலையை இரண்டு கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தார்கள். லவினியாவின் கணினி முடித்துவிட்டது. லக்ஸனுடையதோ கொதித்துப் பாதியில் திணறியது.

“கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்” என்று, பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவிலிருந்து எழுந்தார் ஜேசுரட்ணம்.

லவினியா தம்பியின் கணினிப் பெட்டியைத் திறந்து, புரொசசரின் சூட்டை இழுக்கும் கூலரைக் கழற்றினாள். அதன் அடியில் பிளாஸ்டிக் தாள் சூட்டை மறித்தபடி அப்படியே ஒட்டியிருந்தது.

“இதை ஏனப்பா உரிக்கேல்லை?”

“புதுச் சாமான், பிள்ளை. கீறுப்படும் எண்டு விட்டனான்.”

லக்ஸன் சிரித்தான். “அக்கா, இந்தக் கம்ப்யூட்டரை நீங்களே எடுங்கோ. எனக்குக் கேம் விளையாட உங்கடையே காணும்.”

ஜேசுரட்ணம் தலைகுனிந்து, “ஓம், எடு பிள்ளை” என்றார்.

லவினியா தாளை உரித்தாள். வேகம் உரியவளிடம் வந்து சேர்ந்தது. தோழர்களே, உங்கள் மகளின் மேல் நீங்கள் ஒட்டிவைத்திருக்கும் தாளையும் இன்றே உரித்தெறியுங்கள்.