சாதுவான முயல்

"படம் எடுக்கிறீங்களாமே, என்ன படம்?" என்றார் யுகாரியின் அப்பா ஹிரானோ. வங்கி மேலாளர், சிரித்துப் பழக்கமில்லாதவர்.

பெண் கேட்டு வந்திருந்த தொகுநாகா இயக்குவது வீடியோ கேசட்டில் மட்டும் வரும் கார்ட்டூன். துணியில்லாத பேயரசி ஒருத்தி ஆண்களைக் கடித்துத் தின்னும் கதை. அதைச் சொன்னால் யுகாரியை மறந்துவிட வேண்டியதுதான்.

"குழந்தைங்களுக்கான முயல் கதைங்க."

"டீவியில எப்ப வரும்?"

"வராதுங்க. நேரா கேசட்தான்."

"டீவியில போட முடியாதபடி அந்த முயல் அப்படி என்னதான் பண்ணுது?"

"ஐயோ, ரொம்பச் சாதுவான முயலுங்க!"

முகக்கவசம் அணிந்திருந்த ஹிரானோவின் மனைவி தேநீரை வைத்துவிட்டு இருமினாள்.

"இவ பேசலைன்னு தப்பா நினைக்காதீங்க. அம்மாக்கள் பாட்டுக் குழுவுல பாடிப் பாடித் தொண்டை போயிடுச்சு. சரி, நல்ல பையனாத்தான் தெரியுறீங்க. எனக்குச் சம்மதம்."

வழியனுப்ப அவள் மட்டும் வாசலுக்கு வந்தாள். காலணியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான் தொகுநாகா. அவள் முகக்கவசத்தை இறக்கினாள்.

நேற்று ஒலிப்பதிவு அறையில் பேயரசிக்குக் குரல் கொடுத்தவள்!

"அந்த அலறலை இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு உயிரை வாங்கினீங்களே, டைரக்டர்!" என்றாள் கரகரத்த குரலில். "உங்களுக்கு முயல், எனக்குப் பாட்டுக் குழு. அவர்கிட்ட மூச்சு விடக்கூடாது, தெரிஞ்சுதா மாப்பிள்ளை?"