பத்தாவது மாடி

வீட்டு கம்ப்யூட்டரின் அப்டேட் பாதியில் நின்றதும் சபேசன் வீட்டில் ஏசி நின்றது, குழாயில் தண்ணீர் நின்றது, கதவும் ஜன்னல்களும் பூட்டிக்கொண்டன. ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தார். திரையில் சக்கரம்தான் சுற்றியது. வாசலுக்கு வெளியே இருக்கும் பெட்டியைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி, கம்பெனி மெக்கானிக் ரெஜினாவை அனுப்பியது.

அவள் முகத்தைப் பார்த்ததும் லிஃப்ட் திறக்க மறுத்தது. வேலைக்கு வருகிறவர்களை ஏற்றக்கூடாது என்று அதற்குச் சொல்லி வைத்தவர், குடியிருப்போர் சங்கச் செயலாளரான சபேசன்தான். போன வருஷம் இதே வேலைக்கு ஏழு மாத வயிற்றோடு வந்து கெஞ்சினாள். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. படியேறி வா" என்றார். அவர் வீடு பதினான்காவது மாடியில். பத்தாவதில் சுருண்டு விழுந்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடுதான் வீடு திரும்பினாள்.

இப்போது போனில் கத்தினார். "உனக்கு லிஃப்ட்டைத் திறந்து விடறேம்மா!"

"எப்படி சார்? அதுக்கு உங்க கம்ப்யூட்டர் ஓடணுமே. நான் படியேறியே வரேன்."

வெகுநேரம் கழித்து மறுபடி அழைத்தார். "மூச்சு முட்டுதும்மா. எந்த மாடி வந்திருக்க?"

"பத்தாவது மாடி சார். இதுக்கு மேல கால் நகர மாட்டேங்குது."

சொல்லிவிட்டு, தரைத்தளத்தில் முதல் படியில் உட்கார்ந்தபடியே ரெஜினா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.