கை நனைக்காத விருந்தாளி

“வடை ஆறிப்போகுதுங்க. ஒண்ணாவது எடுத்துக்கங்க” என்று ஞானேஸ்வரி தட்டை மறுபடியும் நீட்டினாள்.

“வேணாம்மா. பிளேன்டீ போதும், சீனி இல்லாம” என்றார் ராஜலிங்கம்.

ஞானேஸ்வரியின் முகம் வாடியது. பெண் பார்க்க வந்த வீட்டில் கை நனைக்காவிட்டால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்றுதான் அவர்கள் ஊரான கட்டுக்கலையில் சனம் எடுத்துக்கொள்ளும். சுவரில் மாலை போட்டிருந்த அப்பாவின் படத்தை ஒரு தரம் பார்த்தாள். திரைக்குப் பின்னால் அம்மா பாலாம்பிகை விட்ட பெருமூச்சு கூடத்துக்கே கேட்டது.

நாவலப்பிட்டியிலிருந்து தன் அப்பா ராஜலிங்கத்தோடு வந்திருந்த கிருபாகரன் நெளிந்தான்.

“தப்பா நினைக்காதீங்க. போன்ல எவனோ ஒரு டாக்டர் பேசினதக் கேட்டதில இருந்து அப்பாவுக்கு மத்தியானம் வரைக்கும் பட்டினிதான். வயிறு காஞ்சா உடம்புல உள்ள செல்லு தனக்குள்ள இருக்கிற குப்பையத் தானே தின்னு புதுசாயிருமாம். வயசே ஏறாதாம். வீட்டுல நாங்க ரெண்டு ஆம்பளைங்க மட்டும்தானே, அதட்ட ஆளில்ல.”

ராஜலிங்கம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏறாதுதான்! என் கன்னத்தைப் பாருங்க, சுருக்கம் இருக்கா?”

“கன்னத்துல இல்லப்பா. மீசையில மை இருக்கு.”

விஞ்ஞானம் படிப்பிக்கும் ஞானேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “செல் அப்படிச் செய்யிறது உண்மைதாங்க. பழுதான பாகத்தை உடைச்சு, அதை வச்சே புதுசு செஞ்சுக்கும். வயசாக ஆக அந்த வேலை மந்தமாகுது. பட்டினி அதைக் கொஞ்சம் கிளப்பிவிடலாம். ஆனா மனுஷருக்கு வயசு குறையும்னு இன்னும் யாரும் நிரூபிக்கல.”

“நிரூபிக்கலயா?” ராஜலிங்கத்தின் குரல் இறங்கியது.

திரைக்குப் பின்னாலிருந்து பாலாம்பிகை பேசினாள். “ஞானேஸ், விடிய எழும்பி உளுந்து ஆட்டினவ நான். சாப்பாட்டைத் தொடாதவங்க சம்பந்தம் நமக்கு வேணாம். தட்டை உள்ள கொண்டாந்துரு.”

ராஜலிங்கம் பாய்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு வடை, அதன் மேலேயே இன்னொரு வடை. “செல்லு குப்பையோடயே கெடக்கட்டுங்க!” என்றார் வாய் நிறைய. “சம்மதம்னு சொல்லிருங்க!”

உள்ளே சிரிப்புச் சத்தம். “அப்ப சரி.”

கிருபாகரன் ஞானேஸ்வரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“ரொம்ப நன்றி தங்கச்சி. அம்மாவை வெளிய கூட்டிட்டு வா. மாப்பிள்ளை வடையை முழுங்கிட்டாரு, இனிப் பொண்ணு முகத்தைப் பார்க்கணுமாம்.”