வீட்டுக்காரர் பேர்

“வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?” ஸ்டேஷன் மாஸ்டர் மறுபடியும் கேட்டார்.

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

விழுப்புரம் டிக்கெட் உள்ளங்கை வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. டிக்கெட்டைக் கொடுத்த மாஸ்டர் அதோடு விட்டிருக்கலாம். என் வீங்கின கன்னத்தைப் பார்த்துவிட்டார். ஓடிவந்து என் துணிப்பையை வாங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். புருஷன் வந்து கூட்டிப்போகிற வரைக்கும் நான் எங்கேயும் போகக்கூடாதாம். கெட்டவரில்லை, ரொம்ப நல்லவர். நல்லவர்கள் கையில் சிக்கினால் அவ்வளவுதான். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

வில்லியனூர் ஸ்டேஷன் அழகு, இல்லையென்று சொல்லவில்லை. ஓட்டுக்கூரை, வளைவு வைத்த வாசல், வேப்பமரம், உட்கார்ந்தால் கண்ணைச் சொக்கவைக்கும் காற்று. மாதா கோயிலுக்கு வந்திருந்த பட்டணத்துக் குடும்பம் ஒன்று, இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தது. இருந்துதான் பாருங்களேன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எந்த ஊர் என்று கேட்டதற்கு, இதே ஊர்தான் என்று புளுகிவிட்டேன். பேரில்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் சொல்லாததைப் பார்த்து மாஸ்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு. இந்தக் காலத்திலும் புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்ணா!

அட, அது நிஜம்தான். இனிமேல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று குருவிநத்தத்திலிருந்து கிளம்பி வந்தவள் நான். அப்போதும் தணிகைவேல் என்கிற பேர் நாக்கில் வர மறுத்தது. என்ன ஜென்மமோ என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. கரும்பு வண்டி ஓட்டுகிறவன் அவன். இந்த ஊர்ச் சந்தையிலும் அவனைத் தெரியும். சேதி போனால் வந்துவிடுவான். வந்தால் இந்தத் தடவை கன்னத்தோடு விடமாட்டான்.

“சாமி பேரா? ஜாடையாச் சொல்லு, போதும்” என்றார் மாஸ்டர்.

தலையை ஆட்டிவைத்தேன். அவ்வளவுதான், பிளாட்பாரமே கூடிவிட்டது. மல்லாட்டை என்று கூவி அவித்த வேர்க்கடலை விற்கிற காசம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“கந்தனா? ஆறுமுகமா? சுப்புராயனா?”

இல்லை, இல்லை, இல்லை.

“தணிகைவேலா?”

அதற்கும் இல்லையென்று ஆட்டினேன். கொஞ்சம் வேகமாகவே ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது.

காசம்மாள் என் கன்னத்தைப் பார்த்தாள். கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தாள். கடகடவென்று அடுக்கிக்கொண்டிருந்தவள் நிதானித்து, “ஒலகத்துக்கே பெரியவரா?” என்று இழுத்தாள்.

“உலகநாதன்!” மாஸ்டர் பரீட்சையில் பாஸானவர் போலக் கத்தினார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது?

ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட, சந்தில் கடைசி வீடு என்று காசம்மாளே வழியும் சொன்னாள். போர்ட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

அவன் திரும்புவதற்குள் வண்டி வந்துவிட்டது. கரிப்புகை பிளாட்பாரத்தை மூடியது. மாஸ்டர் கொடியைத் தூக்கிக்கொண்டு எஞ்சின் பக்கம் ஓடினார்.

காசம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தாள். பை கிடந்தால் கிடக்கட்டும் என்று பெட்டிக்குள் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. “எவனோ ஒரு உலகநாதன் வந்து நின்னா, நீ இன்னாக்கா பண்ணுவ?”

“எவனோ இல்லடி. எம் புருசன்தான்.”

சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மல்லாட்டை, மல்லாட்டை என்று கூவிக்கொண்டே அடுத்த பெட்டியின் ஜன்னலுக்குப் போனாள்.

அத்தனை பேரை அடுக்கினவள், அந்த ஒரு பேரை மட்டும் தன் வாயால் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூடைக்காரி வீடு எது, அவள் புருஷன் யார் என்று ஸ்டேஷனில் யாருக்குத் தெரியும்?

வண்டி நகர்ந்தது. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

கேட் சாத்தியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் போர்ட்டரின் சைக்கிள். கேரியரிலிருந்து குதித்திறங்கிய ஒருவன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேட்டைத் திறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். நிற்க முடியாத அளவுக்குக் குடித்திருந்தான். உன் பெண்டாட்டி ரயிலேறி ஓடப் பார்த்தாள் என்றுதான் போர்ட்டர் சொல்லியிருப்பான். வேறு என்ன சொல்லியிருப்பான்?

காசம்மாள் இன்னும் பிளாட்பாரத்தில்தான் கூவிக்கொண்டிருப்பாள். என் வண்டி போனதும் கேட்டைத் திறந்துவிடுவார்கள்.