தள்ளிவிடும் பட்டன்

செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பாடத்தை ரவாங் அலுவலகத்தில் கணினியில் தயாரித்திருந்தாள் விஷாலினி. காணொளியின் கீழே ஓட்ட, நிறுத்த, வேகமாகத் தள்ளிவிட என்று மூன்று பட்டன்கள் வைத்து, சோதித்துப் பார்க்கும்படி மேலாளர் தங்கராஜுவுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை அவரே வந்து நின்றார்.

“நாப்பது நிமிஷமும் ஒக்காந்து பார்த்தேன்மா. என்னோட வரவேற்புரை பிரமாதம்! ஆனா அந்தத் தள்ளிவிடுற பட்டனை எடுத்துரு. நம்ம ஆளுங்க சோம்பேறிங்க லா. பார்க்காமலே பார்த்தேன்னு சாதிப்பானுங்க.”

“எடுத்துடுறேன் பாஸ்.”

எடுத்தாள். பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டத்தில் இருபது பேர் பாடத்தைப் பார்த்து முடித்தார்கள். பாடம் தயாரான நாளிலிருந்து எந்தப் பட்டன் எப்போது, எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று மென்பொருளே எடுத்துக் கொடுத்த அறிக்கையைப் படித்ததும் தங்கராஜு குதித்தார்.

“பார்த்தியா! எவனோ ஒருத்தன் பதினோரு தடவை தள்ளிவிட்டிருக்கான். நாலே நிமிஷத்துல பாடம் முடிஞ்சிருச்சி! அவன் பேரை நோட்டீஸ் போர்டுல ஒட்டு. மானம் போகட்டும்!”

“ஆளுங்க பார்த்த பாடத்துல அந்தப் பட்டனே இல்லையே பாஸ். நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க.”

“அப்புறம் எவன் அழுத்தினான்?”

“பட்டன் வச்ச பாடம் ஒருத்தருக்குத்தான் போச்சி. வரவேற்புரை ஆரம்பிச்ச மூணாவது செகண்ட்லயே முதல் தள்ளு.” விஷாலினி பிரிண்டரில் தாளை வைத்தாள். “பேரைத் தமிழ்ல மட்டும் ஒட்டவா பாஸ், இல்ல மலாய்லயும் சேர்த்தா?”